கூடாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

மார்கழி பிறந்துவிட்டால் என் அப்பாவுக்கு வீட்டுக் கூரை ஆகாது. சர்வே ஆபீசில் வேலை பார்த்த காலம் முழுவதும் சங்கிலியும் கொடியுமாகக் காடு கரையெல்லாம் அலைந்து, கூடாரத்தில் படுத்தே பழகிய உடம்பு. பென்ஷன் வாங்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஆபீசில் கழித்துப்போட்ட பழைய கூடாரங்களை ஏலம் விட்டபோது இரண்டை எடுத்துவந்து, எலி கடித்த இடத்தையெல்லாம் என்னைத் தைக்கச் சொன்னார். அதுமுதல் ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் எங்களுக்குக் கேம்ப். வருஷக் கடைசி நாள் இரவு ஆராதனைக்குத்தான் ஊர் திரும்புவோம். எலியேசர் சர்வேயருக்கு மூளை கொஞ்சம் வெயிலில் காய்ந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். பெற்ற மகள் நானே சொன்னதுண்டு, ஊராரைச் சொல்லி என்ன?

குளிர்காலக் கேம்ப் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எங்கள் ஊரில் குளிர் என்ன குளிர்? விடியற்காலையில் பனி பெய்யும், ஒரு போர்வை போதும். பல் விளக்கி முடிப்பதற்குள் வெயில் வந்து அந்தப் போர்வையையும் உருவிவிடும். ஆனால் ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் பாதையில் மலையடிவாரம் போய்விட்டால் அது வேறு தேசம். கிழக்கே பார்த்தால் பருத்திக்காடும் கண்மாயும். மேற்கே பார்த்தால் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும் மலை. நடுவில் ஆறு, இரு கரையிலும் மாந்தோப்பு. காலையில் கை விறைக்கும், மத்தியானம் ஆற்றில் விழுந்து கிடக்கத் தோன்றும், சாயங்காலம் மலைக்காற்று இறங்கினால் அடுப்புப் பக்கம் ஒண்ட வேண்டும். அந்த மலையைத் தாமே அளந்து அங்கே நிறுத்தியதுபோல அப்பா எல்லோருக்கும் காட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் எங்கள் கேம்ப்புக்கு ஆள் கூடிப்போனது. அதற்குக் காரணம் நான்தான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெயர் ஏசம்மாள். பள்ளிக்கூடக் கிணற்றுப் பம்பு கெட்டுப்போனபோது, ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லிலிருந்து கிறிஸ்துராஜ் என்று ஒரு பிட்டர் வந்தார். பம்பு அன்றைக்கே சரியாகிவிட்டது. இருந்தாலும் சரியான பம்பைப் பார்க்க அவர் நாலைந்து தடவை வந்தார். எனக்கும் அந்த நேரத்தில்தான் தாகம் எடுக்கும்.

அவர்கள் ஆர்.சி. என்கிற கத்தோலிக்கர்கள், நாங்கள் சி.எம்.எஸ். புரொட்டஸ்டன்ட். கல்யாணம் என்று ஆனால் நான் அவர்கள் கோயிலுக்குப் போவது என்று பேச்சு. அதற்காக அவர் கொடுத்த ஞானோபதேசப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை உருப்போட்டிருந்தேன். அப்பா அதற்குத் தடை சொல்லவில்லை. எந்தக் கோயிலானாலும் மேலே கூரைதான், அவருக்குக் கூரையே பிடிக்காது.

தடை வேறு இடத்தில் இருந்தது. கிறிஸ்துராஜின் அம்மா அன்னத்தாய். புருஷன் செத்த பிறகு மில்லுக்காரர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தே மகனை ஆளாக்கியவர். அந்தக் கைச் சமையலைத் தின்றவர்கள் அடுத்த வீட்டுச் சோற்றைக் குறை சொல்லாமல் தின்னமாட்டார்கள். மகனுக்கு முன்னால் பார்த்த இரண்டு பெண்களை அவர் வேண்டாம் என்று தள்ளியிருந்தார். ஒருத்தி உப்புச் சட்டியைத் திறந்தே வைத்திருந்தாளாம். இன்னொருத்தி சிரிக்கும்போது பக்கத்தில் இருந்தவரைத் தட்டித் தட்டிச் சிரித்தாளாம். "அம்மா சரின்னு சொல்லாம நான் கோயில்ல வாசிக்கக் கல்யாண ஓலை எழுதிக் குடுக்க மாட்டேன்" என்று கிறிஸ்துராஜ் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அப்படிச் சொன்னவரைத்தான் கட்டவேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. அன்னத்தாய் இல்லை என்று சொல்லிவிட்டால் எனக்குச் சாத்தூரில் இரண்டாந்தாரமாக ஒரு இடம் காத்திருந்தது. அங்கே மூன்று பிள்ளைகள் ரெடியாக இருந்தார்கள்.

அப்பாதான் போய்ப் பேசினார்.

"வீட்டுல வந்து பொண்ணு பாத்தா பட்டுச்சேலையும் சுசியமுந்தான் தெரியும், தங்கச்சி. கேம்ப்புக்கு வாங்க. கூடாரத்துல யாரும் ரொம்ப நேரம் நடிக்க முடியாது."

"அது சரிதான் அண்ணாச்சி" என்றாராம் அன்னத்தாய். "வாரேன். கேம்ப்பு முடியயில பதில் சொல்லுதேன். புடிக்கலேன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லிருவேன். பொறவு வருத்தப்படக் கூடாது."

கல்யாணம் ஆகாத பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு தோப்பில் வைத்துக் கூடாரம் போடுகிறானே என்று ஊர் பேசியது. பெண்களுக்கு ஒரு கூடாரம், ஆண்களுக்கு ஒரு கூடாரம், நடுவில் அன்னத்தாய், இதைவிடப் பெரிய மதில் எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்டார்.

திங்கட்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தோம். வண்டிக்காரப் பால்பாண்டி சாமான்களை இறக்கிப்போட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் வருகிறேன் என்று திரும்பிப் போனான். மறுநாள் அன்னத்தாயும் மகனும் வந்தார்கள். கூடவே அன்னத்தாயின் அண்ணன் சூசை மாமா. அவர் எந்தக் காரியத்துக்கும் துணைக்கு வருவார், சாப்பாடு உண்டென்றால்.

கேம்ப்பில் அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. காலண்டர், கடிகாரம், பேப்பர் மூன்றும் கூடாது. கிழமை பேசுகிறவர்களுக்குக் காப்பி கிடையாது. ஆயுசு முழுவதும் தேதி போட்டு டயரி எழுதின மனுஷன், அந்த ஐந்தாறு நாளாவது தேதி இல்லாமல் இருக்க ஆசைப்பட்டார். வந்த அன்றே அதைச் சொன்னபோது அன்னத்தாய் சிரிக்கக்கூட இல்லை.

"எனக்குக் காலண்டர் எதுக்கு? என் செபமாலைக்குத் தெரியும் கிழமை" என்று கழுத்தில் கிடந்த மாலையைத் தொட்டுக்காட்டினார்.

அது வெறும் பேச்சு இல்லை. ஆர்.சி.க்காரர்கள் சாயங்காலம் செபமாலை சொல்லும்போது திங்களும் வியாழனும் சந்தோஷ தேவரகசியம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் சனியும் ஞாயிறும் மகிமை என்று வரிசை வைத்திருக்கிறார்கள். நேற்று எதைச் சொன்னோம் என்று தெரிந்தால் இன்றைக்கு என்ன கிழமை என்று தெரிந்துவிடும். அன்று செவ்வாய். துக்க தேவரகசியம் சொன்னார்கள். அவர்கள் செபம் முடியும்வரை அப்பாவும் நானும் தள்ளிப் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு அப்பா ஜெபம் பண்ணத் தொடங்கியதும் அன்னத்தாய் சேலைத் தலைப்பைக் காதோடு இழுத்து மூடிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். பிரிவினைக்காரர் ஜெபம் காதில் விழக்கூடாதாம். அவர் மேல் தப்பு இல்லை. அப்பா ஜெபத்தைத் தொடங்கினால் ராஜா, கவர்னர், கலெக்டர், தாசில்தார் என்று வரிசையாக ஆசீர்வதித்து, கடைசியில் வண்டி மாட்டில்தான் வந்து நிற்பார்.

என்னைப் பற்றி அன்னத்தாய்க்கு முதல் நாளே ஒரு குறை கிடைத்துவிட்டது. குழம்பு கொதிக்கும்போது நான் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன்.

"ஏட்டி, உப்புப் பாத்தா சமைக்கே?"

"ஆமா அத்தை."

"உப்புப் பாத்துச் சமைக்கிறவ சமையக்காரி இல்ல. மணத்துலயே தெரியணும். நான் இந்த வயசு வரைக்கும் அடுப்படியில நாக்குல ஒரு சொட்டு வச்சதில்ல."

சாத்தூர்ப் பிள்ளைகள் மூன்று பேரும் கண்முன் வந்து நின்றார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து காற்று இறங்கியது, பின்னாலேயே மழை. மார்கழியில் இப்படி ஒரு மழை பெய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. ஈர மணலில் அடித்த முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு பறந்தன. அப்பா மழைக்கு நடுவில் நின்று, சர்வே சங்கிலி பிடிக்கும் செயின்மேன்களை ஏவுவதுபோல, "வடகிழக்கு மூலையைப் புடி, தென்மேற்கை விடு" என்று உத்தரவு போட்டார். எது வடகிழக்கு என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்தது. சூசை மாமா நடுக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சோற்றுப்பானையை யாராவது எடுத்தீர்களா என்று மட்டும் கேட்டார். நானும் கிறிஸ்துராஜும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகளை இழுத்துக்கொண்டிருந்தோம். கூடாரம் முழுதாகச் சரிந்து அன்னத்தாயை மூடிவிட்டது. துணியைத் தூக்கிப் பார்த்தால், நனைந்த தலையோடு தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்காமல் பக்கத்தில் நின்ற என்னைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முன்னால் தள்ளுபடியான அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை.

தோப்பை ஒட்டிக் குடியிருந்த பெத்தம்மாள் எங்களைத் தன் மாட்டுத் தொழுவத்தில் ஏற்றுக்கொண்டார். தெலுங்கு பேசுகிற குடும்பம், தோப்புக் காவல் அவர்களுடையது. வைக்கோலைப் பரப்பி, சுக்குக் கசாயம் போட்டுக் கொடுத்தார். அந்தக் கதகதப்பில் படுத்தவர்கள் படுத்தபடியே தூங்கிவிட்டோம். செபமும் இல்லை, செபமாலையும் இல்லை.

மறுநாள் சூரியனே வரவில்லை. காலைக்கும் மத்தியானத்துக்கும் வித்தியாசம் தெரியாத இருட்டு. கூடாரத்தைக் காயப்போட்டோம், தூங்கினோம், எழுந்து கஞ்சி குடித்தோம், மறுபடியும் தூங்கினோம். சாயங்காலம் மறுபடியும் கூடாரம் எழும்பியதும் அன்னத்தாய் மாலையைக் கையில் எடுத்து யோசித்தார்.

"கடேசியாச் சொன்னது துக்கம். அப்போ இன்னைக்கு மகிமை."

"ஆமா" என்றார் சூசை மாமா. அன்னத்தாய் எதைச் சொன்னாலும் அவர் ஆமா என்பார்.

நான் ஆற்றங்கரைக்குப் போய்க்கொண்டே அதைக் கேட்டேன். எனக்காவது உறைத்திருக்க வேண்டும். வரிசையை உருப்போட்டவள் நான். ஆனால் அந்த நேரத்தில் கிறிஸ்துராஜ் முழங்கால் போட உட்கார்ந்தார், ஈரத் தலையைத் துவட்டாமலேயே வந்திருந்தார், துவட்டச் சொல்ல எனக்கு எப்போது உரிமை வரும் என்று யோசித்துக்கொண்டு போய்விட்டேன். கிழமை யாருக்கு வேண்டும்?

அதற்கு மறுநாள் விடிந்தது பாருங்கள், அப்படி ஒரு விடியல். கழுவி வைத்தது மாதிரி மலை. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு வெள்ளிக்கோடாகத் தண்ணீர் இறங்கியது. எல்லோருமாக அய்யனார் கோவில் அருவிவரை நடந்தோம். பெண்கள் பக்கம் நானும் அன்னத்தாயும் அருவியில் நின்றோம். தண்ணீர் உச்சந்தலையில் விழுந்ததும் அன்னத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்த பிறகும் கொஞ்ச தூரம் விடவில்லை, பிறகு ஞாபகம் வந்ததுபோல விட்டார். பாறையில் காய்ந்து, நெல்லிக்காய் பொறுக்கித் தின்று, பாதி வழி பாட்டும் பாதி வழி கேலியுமாக இறங்கி வந்தோம். எனக்கு இரண்டு ஜென்மத்துக்கான சந்தோஷம் அந்த ஒரு பாதையில் கிடைத்தது.

இறங்கி வரும்போதே சூசை மாமாவுக்குப் பசி. முந்தின நாள் பெத்தம்மாளிடம் வாங்கிய சேவல் ஒன்று கூடார முளையில் கட்டிக் கிடந்தது. அன்னத்தாய் அதைப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளி, சுத்தபோசனம். கறி திங்கணும்னா இன்னைக்குத்தான்" என்று சொல்லிச் சேலையை இழுத்துச் செருகினார். "ஏட்டி, நீ தள்ளி நில்லு. சமையல்னா என்னன்னு பாரு. நாளைக் கழிச்சுப் பதில் சொல்லணும்லா, அதுக்கு முந்தி நீயும் என்னைப் பாத்துக்கோ."

ஆர்.சி.க்காரர்கள் வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டார்கள். மீனோ கருவாடோ சரி, கோழியும் ஆடும் கூடாது. அன்னத்தாய் அந்த விஷயத்தில் நெருப்பு. வெள்ளிக்கிழமையில் வந்த கல்யாண விருந்துகளில்கூட மோர்ச்சோறு தின்றுவிட்டு வந்தவர் என்று கிறிஸ்துராஜ் சொல்லியிருக்கிறார்.

ஆற்றங்கரையில் தட்டையான பாறை ஒன்றைக் கழுவி, குழவிக்கு ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி, மல்லியும் மிளகும் சீரகமும் அரைத்தார். சின்ன வெங்காயம் நல்லெண்ணெயில் வதங்கியபோதே மாமரத்துக் குருவிகள் சத்தம் போடுவதை நிறுத்தின. சொன்னபடியே ஒரு சொட்டும் நாக்கில் வைக்கவில்லை. ஆவியை முகர்ந்தார், ஒரு கை உப்பு, மறுபடி முகர்ந்தார், இரண்டு கல். அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் சமையலை அவர் குறை சொன்னது நியாயம் என்று பட்டது.

இருட்டத் தொடங்கியது. இலை போட்டாயிற்று. கடைசிச் சோற்றுக்கு மோர் இல்லாமல் சூசை மாமாவுக்கு ஆகாது என்று என்னைப் பெத்தம்மாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். செம்பை எடுத்துக்கொண்டு போனேன். மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மோரா? காலையில வந்திருக்கலாமே அம்மாயி" என்றார் பெத்தம்மாள். "வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச பொறவு எங்க வீட்டுல வெள்ளைப் பொருள் வாசல் தாண்டாது."

"இன்னைக்கு வியாழன்லா?"

"வியாழன் நேத்தோட போச்சு. என் தலையைப் பாரு, எண்ணெ தேச்சுக் குளிச்சது இன்னும் காயல. வெள்ளிக்கிழமைன்னு இல்லாம இந்தப் பனியில நான் தலைக்கு ஊத்துவேனா?"

ஈரத்தலையும் மஞ்சள் பூசின முகமுமாக அவர் நின்றார். செபமாலை, காலண்டர், கடிகாரம் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி. மழைபெய்த புதன்கிழமை செபமாலை சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை உட்கார்ந்து புதனுடையதைச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எங்கள் கேம்ப் முழுவதும் ஒரு நாள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலிச் செம்போடு திரும்பி வரும் வழியில் நின்று யோசித்தேன். சொல்லாமல் இருந்துவிடலாம். அன்னத்தாய் தின்றுவிடுவார், நாளைக் காலையில் பால்பாண்டி வண்டியோடு வந்து சனிக்கிழமை என்பான், அப்போது தெரிந்து துடித்துப்போவார். நெருப்பை வாயில் போட்டுக்கொள்ளவிட்டு நான் பார்த்துக்கொண்டு நின்றதாக ஆகும். சத்தமாகச் சொல்லலாம். சமைத்ததே அவர், கிழமை சொன்னதும் அவர். மகனுக்கும் அண்ணனுக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் முன்னால் அவர் முகம் என்ன ஆகும்? அப்படி அவமானப்படுத்தின ஒருத்தியை யார் மருமகளாக எடுப்பார்கள்? கால் தடுக்கின மாதிரி பானையைத் தட்டிவிடலாம் என்றும் தோன்றியது. அந்த மணத்தை முகர்ந்தவளுக்கு அதற்கு மனசு வராது.

நான் போனபோது ஆண்கள் மூவரும் சாப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சூசை மாமா இலையில் எலும்பு சேர்ந்திருந்தது. அன்னத்தாய் அடுப்பருகே குனிந்து கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார். பரிமாறி முடித்துத்தான் அவர் சாப்பிடுவார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மோர் எங்கட்டி?"

"குடுக்கல அத்தை" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இன்னைக்கு வெள்ளிக்கிழமையாம். விளக்கு வச்ச பொறவு குடுக்க மாட்டாவளாம்."

கரண்டி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. இடது கை கழுத்து மாலைக்குப் போனது. உதடு ஓசையில்லாமல் துக்கம், மகிமை என்று எண்ணியது. மழை நாள் வந்ததும் எண்ணிக்கை நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் பெத்தம்மாவுக்கும்."

"சத்தமாச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொல்லச் சொன்னா சொல்லுதேன் அத்தை."

அவர் திரும்பி ஆண்களைப் பார்த்தார். கிறிஸ்துராஜ் விரலைச் சப்பிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"வேண்டாம். தெரியாமத் தின்னா பாவமில்ல. இப்பச் சொன்னா பாதி இலையில எந்திரிக்கணும். எங்க அண்ணன் பொறந்ததுலருந்து பாதி இலையில எந்திரிச்சதில்ல" என்றார். பிறகு, "கருவாடு இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. தணலில் இரண்டைச் சுட்டேன். அவருக்கு ஒரு இலையும் எனக்கு ஒரு இலையும் போட்டு, ரசத்தை ஊற்றினேன்.

"நீ ஏன் கருவாடு திங்கே? உங்க ஆள்களுக்குத்தான் தடை இல்லையே, கறி போட்டுக்கோ."

"நீங்க மட்டும் கருவாடு தின்னா ஏன்னு கேப்பாவ. ரெண்டு பேரும் தின்னா கேக்க மாட்டாவ."

அன்னத்தாய் தன் இலையில் இருந்த கருவாட்டில் பெரிய பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்தார். அந்தக் கோழிக்குழம்பின் வாசம் அடித்த பக்கமாகவே உட்கார்ந்து கருவாடு தின்றது எனக்குத்தான் தெரியும். வேதத்துக்காக உயிரை விட்ட வேதசாட்சிகள் பட்டபாடு பெரிதுதான், ஆனால் அவர்கள் பக்கத்தில் யாரும் சேவல் குழம்பு வைக்கவில்லை.

"என்ன யம்மா, நீ கறி போட்டுக்கலையா?" என்று கிறிஸ்துராஜ் கேட்டார்.

"சமைச்சவளுக்கு வாசத்துலயே வயிறு நெறஞ்சிரும்."

சூசை மாமா மூன்றாவது தடவை இலையை நீட்டினார். தீர்ந்துபோச்சு என்று அன்னத்தாய் பானையை மூடினார். தீரவில்லை. நான் பார்த்தேன். கேட்காமல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பெரிய கண்டம் வந்தது. செபமாலை நேரம். அன்னத்தாயின் கணக்குப்படி அன்று வியாழன், சந்தோஷம். உண்மையில் வெள்ளி, துக்கம். சந்தோஷம் என்று தொடங்கினால் மாதாவிடமே பொய் சொன்னதாகும். துக்கம் என்று தொடங்கினால் மகன் உடனே கண்டுபிடித்துவிடுவார். அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா வழக்கம்போல ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டார்.

"அண்ணாச்சி, நில்லுங்க" என்றார் அன்னத்தாய். "இன்னைக்கு நீங்களே ஜெபம் பண்ணுங்க. நாங்களும் உக்காருதோம்."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். சூசை மாமா ஏப்பத்தைப் பாதியில் நிறுத்தினார். பிரிவினைக்காரர் ஜெபத்துக்கு அன்னத்தாய் உட்காருவதென்பது சூரியன் மேற்கே உதித்த கதை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கேம்ப்பின் மகிமை, தன் பேச்சின் மகிமை என்று நினைத்திருப்பார். அன்றைக்கு அவர் பண்ணின ஜெபம் மாதிரி எங்கள் சபையில் எந்த ஐயரும் பண்ணியிருக்க மாட்டார். ராஜாவிலிருந்து இறங்கி மலை, மழை, மாந்தோப்பு, பெத்தம்மாளின் தொழுவம் எல்லாவற்றையும் ஆசீர்வதித்து, வண்டி மாட்டுக்கு வந்தபோது கிறிஸ்துராஜ் முழங்காலிலேயே தூங்கிவிட்டார். அன்னத்தாய் தலைப்பைக் காதில் இழுத்து மூடவில்லை. பிறகு என் பக்கத்தில் படுத்தபோது, போர்வைக்குள் மாலை உருளும் சத்தம் கேட்டது. துக்க தேவரகசியம்தான் சொல்லியிருப்பார்.

காலையில் பனி விலகுவதற்கு முன்பே மாட்டுச் சலங்கை கேட்டது. பால்பாண்டி வண்டியை நிறுத்திவிட்டு எங்களை ஆச்சரியமாகப் பார்த்தான்.

"என்ன சார், ஒண்ணும் கட்டாம உக்காந்திருக்கிய?"

"ஏலே, ஒரு நாள் முந்தியே வந்துட்டியே. நாளைக்குல்லா வரச் சொன்னேன்."

"சனிக்கிழமை வான்னிய. இன்னைக்குச் சனிக்கிழமை."

"இன்னைக்கு வெள்ளிலே."

"எங்க ஊர்ல சனிதான் சார். இங்க எப்படின்னு எனக்குத் தெரியாது."

சூசை மாமா விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் அந்தக் கை மெதுவாக வயிற்றுக்குப் போனது. "அன்னம், நேத்துத் தின்னது..."

"தெரியாமத் தின்னது பாவமில்லண்ணே. மூணாந்தடவை எலையை நீட்டுனதுக்கு மட்டும் சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கோ."

கிறிஸ்துராஜ் தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "யம்மா, நேத்து நீங்க ரெண்டு பேரும் கருவாடுல்லா தின்னிய" என்றார். எல்லோருக்கும் புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைசியாகப் புரிந்தது அப்பாவுக்கு.

"அப்போ நேத்து என் ஜெபம்..."

"ஜெபம் நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி" என்றார் அன்னத்தாய். "கலெக்டரோட நிறுத்தியிருக்கலாம்."

சொல்லிக்கொண்டே எழுந்து, மாங்கொப்பில் கட்டித் தொங்கவிட்டிருந்த சின்னப் பானையை அவிழ்த்தார். அடுப்புத் தணலில் வைத்துச் சுடப்பண்ணி மூடியைத் திறந்தார். உள்ளே கெட்டிக் குழம்பில் இரண்டு கோழிக்கால்கள். முந்தின நாள் இரவே எங்கள் இரண்டு பேருக்கும் எடுத்து வைத்திருக்கிறார்.

"ஏட்டி, வா. இன்னைக்குச் சனி."

ஒன்றை என் இலையில் வைத்தார், ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பால்பாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்னத்தாய் ஒரு கடி கடித்து, மென்று, முகத்தைச் சுளித்தார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி. நேத்து அம்புட்டுப் பேரு தின்னிய, ஒருத்தராவது சொன்னியளா?"

அப்பாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தங்கச்சி, பதில் சொல்லுதேன்னியளே."

"எனக்கு வயசாகுது அண்ணாச்சி. செபமாலையும் ஏமாத்திருச்சு. வீட்டுல கிழமை பாக்க ஒருத்தி வேணும். உப்புப் பாக்கவும் வேணும் போலிருக்கு" என்றார் அன்னத்தாய். மகன் பக்கம் திரும்பி, "ஊருக்குப் போனதும் ஓலைக்குச் சொல்லிரு" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு கோழிக்காலைக் கடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.